சுரங்கத்திலிருந்து வந்த பெயர்

காப்புறுதித் துறையில் வேலை என்றதும், வீடு வீடாகச் சென்று காப்புறுதி விற்பதுதான் நம் பிள்ளைகளின் நினைவுக்கு வருகிறது. ‘கேப்டிவ்’ காப்புறுதி என்றொரு பிரிவும் உண்டு. ஒரு பெரிய நிறுவனம் தன் இழப்புகளை ஈடுகட்டத் தானே அமைத்துக்கொள்ளும் காப்புறுதி நிறுவனம் அது.

இதன் தந்தை எனப்படும் ஃபிரெட் ரைஸ், அமெரிக்காவின் ஓஹாயோவில் ஆலைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் பொறியாளராக இருந்தவர். அங்கிருந்த யங்ஸ்டவுன் எஃகு நிறுவனத்தின் சுரங்கங்கள் அதன் ஆலைகளுக்கு மட்டுமே தாது தோண்டின. அவற்றைக் ‘கேப்டிவ்’ சுரங்கங்கள் என்றார்கள். 1950களில் ரைஸ் அப்பெயரையே இந்தக் காப்புறுதிக்கும் சூட்டினார். 1962இல் பெர்முடா தீவுக்குச் சென்று இத்தொழிலை வளர்த்தார்.

நமக்கு அருகே சிங்கப்பூரிலும், 1990இல் நிதி மையமாக்கப்பட்ட லாபுவானிலும் இத்தகைய நிறுவனங்கள் இயங்குகின்றன. கணக்கியல், சட்டம், புள்ளியியல் படித்தோருக்கு அங்கே இடமுண்டு.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பொதுக் காப்புறுதியில் இழப்பைப் பலரின் சந்தா தாங்கும். இங்கே கணிப்பு தவறினால் சுமையில் பெரும்பங்கு ஒரே உரிமையாளரின் தலையில் விழும். ஆகவே, இளையர்களே, காப்புறுதிப் பத்திரத்தைப் படிப்பதோடு நில்லாமல் ஆலைக்குள்ளும் சென்று பாருங்கள். ரைஸ் தொடங்கியதும் அங்கேதான்.