அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் எதிர்ப்பொருள்

அசிட்டைல் கோ-ஏ கார்பாக்சிலேஸ் என்னும் நொதியைத் தனியே இனங்கண்டு பற்றிக்கொள்ளும் ஆய்வகப் புரதம் இந்த எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி). இது மருந்தன்று, திசுவில் அந்த நொதி இருக்கிறதா, எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி. நொதியின் ஒரு துண்டை முயல் அல்லது சுண்டெலியின் உடலில் செலுத்தி இதைப் பெறுகிறார்கள்.

கொழுப்பு அமிலத் தயாரிப்பு இந்த நொதியிலிருந்தே தொடங்குகிறது. பயோட்டின் துணையுடன், ஏடிபி ஆற்றலைச் செலவிட்டு, இது அசிட்டைல் கோ-ஏவை மலோனைல் கோ-ஏவாக மாற்றுகிறது. மனிதரில் இதற்கு ஏறத்தாழ 265, 280 கிலோடால்டன் எடையுள்ள இரு வடிவங்கள் உண்டு. நொதியின் 79ஆம் செரீனில் பாஸ்பேட் ஏறினால் அதன் வேகம் குறையும். அந்த நிலையை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளும் இருப்பதால், நொதியின் அளவோடு அது ஒடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் அறியலாம். சோதனையில் பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் முறையைக் கையாள்வோர் கவனமாக இருக்க வேண்டும். நொதியிலேயே பயோட்டின் இருப்பதால், எதிர்ப்பொருள் ஒட்டாத இடத்திலும் பட்டை (புரதம் இருப்பதைக் காட்டும் கோடு) தெரியக்கூடும்.

தாவர ஆய்வில் இவ்வகை எதிர்ப்பொருள் பெரிய புதிர் ஒன்றை அவிழ்த்தது. பட்டாணியின் பசுங்கணிக மரபணு ஒன்று எந்தப் புரதத்தை உண்டாக்குகிறது என்பது தெளிவில்லாமல் இருந்தது. ஜப்பானில் யுகிகோ சசாகியின் குழு அப்புரதத்துக்கு எதிர்ப்பொருள் தயாரித்து, அது இந்த நொதியின் ஓர் உறுப்பு என்று 1993இல் காட்டியது. நெல்லின் பசுங்கணிகத்தில் அந்த மரபணு முழுமையாக இல்லை. அகன்ற இலைச் செடிகளின் பசுங்கணிகத்தில் இந்த நொதி பல உறுப்புகளின் கூட்டு. நெல் உள்ளிட்ட புல்லினங்களிலோ ஒரே நீண்ட புரதம். சைஹாலோபாப்-பியூட்டைல் போன்ற களைக்கொல்லிகள் இந்த ஒற்றைப் புரத வடிவத்தையே முடக்குகின்றன.

இந்தக் களைக்கொல்லி பற்றிய செய்தி காவிரிப் படுகைக்கு நேரடியாகப் பொருந்தும். தண்ணீர் தாமதமாக வரும் கடைமடைப் பகுதிகளில், குறிப்பாகத் திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம், நாற்று நடாமல் சம்பாவை நேரடியாக விதைக்கிறார்கள். நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒன்றாக முளைக்கின்றன. இளம்பருவத்தில் இரண்டையும் பிரித்துக் களையெடுப்பது கடினம். புல் இரண்டு முதல் நான்கு இலைகளோடு நிற்கும்போது, நீரை வடித்து இலை நனையத் தெளிக்கப்படும் சைஹாலோபாப்-பியூட்டைல் மருந்து புல்லுக்குள் நச்சு அமிலமாகிறது. நெல்லோ அதை விரைவில் செயலற்ற பொருளாகச் சிதைத்துவிடுகிறது. இரண்டின் நொதியும் ஒரே வகையாயினும் நெல் தப்புவது இதனால்தான். கோரையும் நீராரையும் இம்மருந்துக்கு மடங்குவதில்லை.

ஒரே மருந்தைத் தொடர்ந்து அடித்தால் தாங்கும் புல் பெருகும். நொதியின் 1781ஆம் இடத்தில் ஐசோலியூசினுக்குப் பதிலாக லியூசின் வருவது, உலகின் பல பகுதிகளில் புற்களைகளில் கண்டறியப்பட்ட காரணம். புல் நொதியை மிகுதியாக உண்டாக்கித் தப்பினால் எதிர்ப்பொருள் சோதனையில் பட்டை தடிக்கும். ஓர் அமினோ அமிலம் மட்டும் மாறியிருந்தால் வழக்கமான எதிர்ப்பொருளுக்கு வேறுபாடு தெரியாது. மரபணு வரிசையைப் படித்தே அதை அறிய வேண்டும்.