நிலையத்தினுள் ஒரு விடுதி

கோலாலம்பூருக்கு இரயிலேறி வந்த பயணிக்கு ஒரு காலத்தில் தங்குமிடம் தேடித் தெருவில் இறங்க வேண்டிய தேவை இருந்ததில்லை. இரயில் நிலையக் கட்டடத்தினுள்ளேயே ஒரு விடுதி இயங்கிவந்தது. நடைமேடையை விட்டு வந்தவர் அதே கூரையின்கீழ் உணவருந்தி உறங்கலாம்.

1910ஆம் ஆண்டில் கட்டிமுடிக்கப்பெற்ற அந்நிலையத்தை வடிவமைத்தவர் ஆர்தர் பெனிசன் ஹப்பக் என்னும் ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர். குவிமாடங்களும் வளைவுகளும் அதனை ஓர் அரண்மனையாகவே காட்டும். ஆயினும், அரண்மனைத் தோற்றத்தின் உள்ளே இருந்தது ஓயாது உழைக்கும் தொழிற்கூடமே. கரியும் நீராவியும், சரக்கும் மனிதருமாக அது இயங்கியது.

அந்த இயக்கத்தின் வேர் கிள்ளானில் உள்ளது. சிலாங்கூரின் ஈயத்தை ஆற்றுவழியே கடலுக்குக் கொண்டுசெல்வது மெல்ல நடந்த வேலை. அதனை மாற்றவே 1886இல் கோலாலம்பூரிலிருந்து கிள்ளானுக்கு எதிர்க்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இருப்புப்பாதை இடப்பட்டது. 1890இல் ஆற்றின்மீது பாலம் அமைந்தபின் வண்டி கிள்ளானையே அடைந்தது. 1901இல் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுவே.

பாதையைச் செப்பனிட்டுக் காத்தவர்களுள் பெரும்பாலோர் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர். எழுத்தர்களாகவும் நிலைய அதிபர்களாகவும் அமர்ந்தவர்களுள் யாழ்ப்பாணத் தமிழர் பலர். செங்கற்சூளைகளால் பெயர்பெற்ற பிரிக்பீல்ட்ஸ் இவ்விரு சாராருக்கும் குடியிருப்பாயிற்று. விடுதியின் விருந்தினர் துயின்ற இரவுகளில், விளக்கேந்தி விழித்திருந்தவர்கள் இவர்கள்.

சென்னையில் 1908இல் திறக்கப்பெற்ற எழும்பூர் நிலையமும் இதே கலைப்பாணியைச் சார்ந்தது. அதனைக் கட்டிய ஒப்பந்தக்காரர் சாமிநாத பிள்ளையின் பெயரை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. கோலாலம்பூரில் கலைஞரின் பெயர் நிலைத்தது. தண்டவாளம் சுமந்தவர்களின் பெயர்களைத் தாங்கிய கல் எதுவும் நிலையத்தின் முகப்பில் இல்லை.

2001இல் பிரிக்பீல்ட்ஸின் பழைய இரயில்வே நிலத்தில் கே.எல். சென்ட்ரல் எழுந்தது, நெடுந்தூர வண்டிகள் அங்கே சென்றன. பழைய நிலையத்தில் புறநகர் வண்டிகள் மட்டும் நின்றன. பிற்காலத்தில் 'ஹெரிடேஜ் ஸ்டேஷன் ஓட்டல்' எனப் பெயர்பூண்ட விடுதியும் 2010களின் தொடக்கத்தில் மூடப்பட்டது. இலண்டனில் செயின்ட் பாங்க்ராஸ் நிலைய விடுதி 1935இல் மூடப்பட்டு, 2011இல் மீண்டும் விருந்தினரை வரவேற்றது. கோலாலம்பூர் நிலையத்தின் எதிரே, 1932இல் தோன்றிய மெஜஸ்டிக் விடுதியும் இடையில் தேசிய ஓவியக் கூடமாக இருந்து, 2012இல் மீண்டும் விடுதியாயிற்று.

ஆகவே, நிலைய விடுதியின் கதவுகளும் என்றேனும் ஒரு நாள் திறக்கக்கூடும். அன்று குவிமாடத்திற்கு வெள்ளையடிப்பது எளிது. சுவர்களில் தொங்கவிடும் படங்களுள் துரைமார்களோடு, கிள்ளான் பாதையில் வெயிலில் நின்ற மனிதரும் இடம்பெற வேண்டும். அவர்களை விட்டுவிட்டு எழுதப்படுவது கட்டடத்தின் வரலாறாகலாம், இருப்புப்பாதையின் வரலாறாகாது.