கிளிம்மர் கேட்ட பெண்கள்

இன்ஸ்டாகிராமைத் திறந்தால் கொஞ்ச நாளாக ஒரு சொல் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது: கிளிம்மர். காபி டம்ளரிலிருந்து எழும் ஆவி, ஜன்னலோரப் பூனை, மழைக்கு முந்தைய மண்வாசனை. "இன்றைக்கு உங்கள் கிளிம்மர் என்ன?" என்று கேட்கிறார்கள். டெப் டேனா என்கிற அமெரிக்க உளசிகிச்சையாளர் தன் 2018 புத்தகத்தின் வழியாகப் பரவலாக்கிய பொருள் இது. பழைய காயத்தைக் கிளறிவிடுவது டிரிக்கர் என்றால், மனதை ஒரு நொடி ஆசுவாசப்படுத்துவது கிளிம்மர்.

அகராதியைக் கேட்டால் மங்கலாக, விட்டு விட்டு மினுங்கும் ஒளி என்று சொல்லும். நம் செய்தித்தாள்கள் இதை 'நம்பிக்கைக் கீற்று' என்று மொழிபெயர்க்கின்றன. அழகான சொல்தான், ஆனால் கீற்று என்பது வடிவம். தேங்காய்க் கீற்று, ஓலைக் கீற்று என்பதுபோல ஒளியையும் மெல்லிசாக நறுக்கிக் காட்டுகிறோம். ஆங்கிலச் சொல்லில் இருப்பது நடுக்கம். கடைசியில் வரும் அந்த 'அர்' ஒரு செயல் திரும்பத் திரும்ப நடப்பதைக் குறிக்கும் பழைய விகுதி. ஃபிளிக்கர், ஷிம்மர், கிளிட்டர் எல்லாம் ஒரே வரிசை. வரும், போகும், மறுபடி வரும். நம் 'மினுமினு'வுக்கு இது கொஞ்சம் நெருக்கம்.

இந்தச் சொல் பிறக்கும்போது இப்படி மங்கலாக இல்லை. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இது ஆங்கில எழுத்தில் தலைகாட்டியபோது பொருள் 'பளிச்சென்று ஒளிர்தல்'. அடுத்த நூற்றாண்டில் வெளிச்சம் குறைய ஆரம்பித்தது. ஷேக்ஸ்பியரின் மேக்பெத்தில், பேங்க்வோவைக் கொல்லக் காத்திருக்கும் கொலைகாரர்களில் ஒருவன் மேற்கு வானத்தைப் பார்த்து இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறான். அங்கே அது செத்துக்கொண்டிருக்கும் பகலின் வெளிச்சம். 1751இல் வெளியான தாமஸ் கிரேயின் இரங்கற்பாவில் இருட்டில் கரையும் நிலக்காட்சிக்கு இதே சொல். மேசையில் உட்கார்ந்து எழுதியவர்கள் கையில் கிளிம்மர் அந்தி வெளிச்சமாகிவிட்டது.

தெருவில் இருந்தவர்கள் வாயில் அது வேறாக இருந்தது.

கென்ட் பகுதியைச் சேர்ந்த தாமஸ் ஹார்மன் ஒரு கனவான். உடம்பு சரியில்லாமல் வீட்டோடு கிடந்த காலத்தில், வாசலுக்கு வந்த பிச்சைக்காரர்களையும் நாடோடிகளையும் நிறுத்திப் பேச்சுக் கொடுத்துத் துருவித் துருவி விசாரித்தார். இவர்களிடம் ஏமாறாதீர்கள் என்று ஊரை எச்சரிக்க ஒரு புத்தகம் எழுதினார். அதன் 1567 பதிப்பு இன்றும் கிடைக்கிறது. நாடோடிகளை வகை வகையாகப் பிரித்து, கடைசியில் பலருடைய பெயர்களையும் பட்டியல் போட்டிருக்கிறார். அவர்களுடைய ரகசியப் பேச்சுக்கு ஒரு சிறிய அகராதியும் உண்டு. பகலுக்கு லைட்மன்ஸ், இரவுக்கு டார்க்மன்ஸ். கிளிம்மர் என்றால் நெருப்பு.

அவர் பிரித்த வகைகளில் ஒன்றின் பெயர் 'கிளிம்மர் கேட்பவர்கள்'. பெரும்பாலும் பெண்கள். வீடு எரிந்துபோச்சு, எல்லாம் போச்சு என்று சொல்லி, ஊர்ப் பெரிய மனிதர்களின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள கடிதத்தைக் காட்டிப் பிச்சை கேட்பார்கள். கையெழுத்தும் பொய், முத்திரையும் பொய் என்கிறார் ஹார்மன்.

இருக்கலாம். ஆனால் கள்ள நோட்டு இருக்கிறதென்றால், நல்ல நோட்டு புழக்கத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்? மரமும் கூரையுமாக வீடுகள் இருந்த காலம். ஒன்று பற்றினால் தெருவே பற்றிக்கொள்ளும். லண்டனில் தீ விபத்துக் காப்பீடு தொழிலாகத் தொடங்கியதே 1666 பெருந்தீக்குப் பிறகு, 1680களில்தான். அதுவரை வீடு எரிந்தவர்களில் பலருக்கு மிச்சம் ஒரு கடிதமும் நீட்டிய கையும்தான். அந்தக் கடிதமும் இல்லையென்றால் ஆபத்து. 1531 சட்டப்படி, முதியவர்களும் உழைக்க முடியாதவர்களும் மட்டுமே அனுமதி பெற்றுப் பிச்சையெடுக்கலாம். உடம்பில் வலு உள்ளவர்களுக்குச் சவுக்கடி. 1547 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போனது. வேலை செய்யாமல் திரிபவரின் நெஞ்சில் 'வி' என்ற எழுத்தைப் பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சூடு வைத்து, இரண்டு வருடம் அடிமையாக ஒப்படைக்கலாம். மூன்றே வருடத்தில் அதைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள்.

அந்தப் பெண்களில் யாருடைய வீடு உண்மையிலேயே எரிந்தது என்று ஹார்மனின் புத்தகத்தை வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது. அதில் எழுதியவர் அவர், எழுதப்பட்டவர்கள் இவர்கள். அவர்களுடைய சொல்லேகூட அவர்களைச் சந்தேகப்பட்டவரின் குறிப்பேட்டில் ஏறித்தான் நம்மிடம் வந்து சேர்ந்திருக்கிறது.

1785இல் பிரான்சிஸ் குரோஸ் தொகுத்த கொச்சைமொழி அகராதியில் இதன் உடன்பிறப்பான 'கிளிம்' இருக்கிறது. வீடு புகுந்து திருடுகிறவன் கொண்டுபோகும் மெழுகுவர்த்தி அல்லது மூடி போட்ட விளக்கு என்று பொருள் தருகிறார். நெருப்பு என்றும் சொல்கிறார். வினைச்சொல்லாக வந்தால் இன்னொரு பொருள்: கையில் சூடு வைத்தல். கவிஞர்களுக்கு அந்தி வெளிச்சமாக இருந்த சொல், அதே நூற்றாண்டில் தண்டிக்கப்பட்டவர்களுக்குத் தோல் கருகும் சொல்லாகவும் இருந்திருக்கிறது.

ஜெர்மன் மொழியில் இதன் உறவுக்காரச் சொற்கள் இன்னும் உயிரோடு இருக்கின்றன. கிளிம்மர் என்றால் அங்கே மைக்கா, நாம் சின்ன வயதில் மண்ணில் பொறுக்கிய காக்காப்பொன். தங்கம் மாதிரி மினுக்கும், காசு தேறாது. கிளிம்மன் என்றால் தணலாகக் கனிந்துகொண்டிருப்பது. நாம் நீறு பூத்த நெருப்பு என்போமே, அது.

கிளிம்மர் ரீல்களை நான் இன்னும் தள்ளிவிடாமல்தான் பார்க்கிறேன். ஜன்னல், பூனை, காபி ஆவி. எல்லாம் நன்றாகத்தான் இருக்கின்றன. நடுவில் மட்டும், கையில் ஒரு கடிதத்தோடு ஹார்மன் வீட்டு வாசலில் நிற்கும் ஒரு பெண் நினைவுக்கு வந்துவிடுகிறாள். எரிந்த வீட்டைச் சொல்ல அவளுக்கு இருந்ததும் இதே சொல்தான்.