நெசவாளிக்கு வராத பணம், "விவசாயி"க்கு வந்த கதை

ரொம்ப நாளா எழுதணும்னு நினைச்ச விஷயம் இது. ஊர் சரித்திரம் என்றால் ஆரணி ஜாகீர், கோட்டை, அரண்மனை என்றுதான் எல்லோரும் எழுதுகிறோம். கொரோனா வருஷத்தில் யார் கணக்கில் பணம் விழுந்தது, யாருக்கு விழவில்லை என்பதும் சரித்திரம்தானே?

எங்க ஊரைத் தெரியாதவர்களுக்காக: திருவண்ணாமலை மாவட்டம், கமண்டல நாக நதிக்கரை. ஊருக்குள் பட்டுத்தறி, தாண்டினால் நெல் வயல், நடுவில் அரிசி ஆலைகள்.

2020 மார்ச் 25 அன்று ஊரடங்கு. சித்திரை, வைகாசி முகூர்த்தங்களை நம்பித்தான் பட்டு ஓடும். கல்யாணமெல்லாம் தள்ளிப்போச்சு, ஜவுளிக்கடைகளை மூடியாச்சு. எங்க தெருவில் தறிச்சத்தம் இல்லாத காலை அப்போதுதான் நான் பார்த்தேன்.

தமிழக அரசு முதலில் அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் கொடுத்தது. ரேஷன் கடையில் என்ன வேலை செய்யறேன்னு யாரும் கேட்கவில்லை. கார்டு இருந்தால் பணம். அடுத்தது நல வாரிய உறுப்பினர்களுக்கான உதவி. கைத்தறி நெசவாளர்களுக்கும் வாரியம் உண்டு. ஜூன் மாதம், வாரியத்தில் இல்லாத 1 லட்சத்துக்கும் மேற்பட்ட நெசவாளர்களுக்கும் ஆளுக்கு 2,000 ரூபாய் என்று அறிவித்தார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கும் ஏதாவது ஒரு பட்டியலில் பெயர் இருக்கணுமே!

எங்க தெருவில் ஒரு அண்ணன். முப்பது வருஷமாகக் கூலிக்கு நெய்கிறார். பாவும் ஊடையும் ஜரிகையும் முதலாளி தருவது. கூலிக் கணக்கும் முதலாளி நோட்டில். சங்கத்தில் இல்லை, வாரியத்தில் பதியவும் இல்லை. "கையைப் பார்த்தா நெசவாளின்னு தெரியும் தம்பி, காகிதத்துல தெரியலையே" என்றார். ஒரு ரூபாய் வரவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு புரோக்கர் வந்து, "ஆதாரும் பாஸ்புக்கும் குடுங்க, கொரோனா பணம் வரும்" என்றிருக்கிறான். கொடுத்தார். 4,000 வந்தது. பாதி புரோக்கருக்கு. பிறகுதான் தெரிந்தது, அது கொரோனா பணமே இல்லை, பி.எம். கிசான் பணம்! சொந்த நிலம் உள்ள விவசாயிக்கு வருஷம் 6,000 ரூபாயை மூன்று தவணையாகத் தரும் 2019-ம் வருஷத்துத் திட்டம். செண்டு நிலம் இல்லாத அண்ணன் அதில் விவசாயி ஆகிவிட்டார்!

அவர் மட்டுமில்லை. 2020 ஆகஸ்ட், செப்டம்பரில் விஷயம் வெடித்தபோது, திருவண்ணாமலை உட்பட 13 மாவட்டங்களில் தகுதியில்லாத 5 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்க்கப்பட்டதாகவும், சுமார் 110 கோடி ரூபாய் போனதாகவும் அரசே சொன்னது. அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்து ஒப்பந்த ஊழியர்களும் இடைத்தரகர்களும் பெயர்களை ஏற்றியிருந்தார்கள். சி.பி.சி.ஐ.டி. விசாரணை, கைதுகள், கணக்கு முடக்கம். அண்ணனும் முழு 4,000-ஐத் திருப்பிக் கட்டினார். மனைவியின் கம்மல் அடகுக்குப் போனது. புரோக்கர் ஆளையே காணோம்.

இதில் இன்னொரு கொடுமை. நிஜமாகவே சேற்றில் இறங்கும் குத்தகை விவசாயிக்குப் பட்டா தன் பெயரில் இல்லாததால் இந்தப் பணம் கிடையாது. உழுகிறவன் பட்டியலில் இல்லை, தறிக்காரன் இருக்கிறான்!

2021-ல் புதிய அரசு அரிசி அட்டைக்கு மே, ஜூன் இரண்டு தவணையாக 4,000 கொடுத்தது. அண்ணனுக்கு அது ஒழுங்காக வந்து சேர்ந்தது. அதே தொகைதான். இந்தத் தடவை பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

எனக்குத் தோணுவது இதுதான். ஆபத்துக் காலத்தில் "நீ யார், நிரூபி" என்று கேட்டால், காகிதம் தயார் பண்ணத் தெரிந்தவன்தான் ஜெயிப்பான். வீட்டில் அடுப்பு எரியுதா என்று மட்டும் பார்த்துக் கொடுத்த பணம் சரியான இடத்துக்குப் போச்சு.

உங்க தெருவிலும் கூலிக்கு நெய்கிறவர் இருந்தால், வாரியத்தில் பதிஞ்சாச்சான்னு ஒரு வார்த்தை கேளுங்க. அடுத்த கஷ்டம் சொல்லிட்டு வராது.