உலைக்குத் தப்பிய வெள்ளிக் கலங்கள்

1689-ஆம் ஆண்டு டிசம்பரில் பிரெஞ்சு மன்னர் 14-ஆம் லூயி ஓர் ஆணை பிறப்பித்தார். வெர்சேல்ஸ் அரண்மனையை அழகு செய்த வெள்ளி மேசைகளும் விளக்குகளும் தொட்டிகளும் போர்ச் செலவுக்காக நாணயச் சாலைக்குச் சென்றன. உருகியது ஏறத்தாழ 20 டன். கைவினைஞர் பல்லாண்டு உழைத்ததற்குக் கிடைத்ததோ உலோகத்தின் விலை மட்டுமே! 1709-இல் பஞ்சமும் போரும் ஒருங்கே நெருக்கவே, பிரபுக்களின் உணவுத் தட்டுகளுக்கு முறை வந்தது. சான் சிமோன் கோமகனார், தாம் சிறிதளவே கொடுத்து எஞ்சியதைப் பூட்டி வைத்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் ஒளிவின்றி எழுதியிருக்கிறார்.

வெள்ளியை இழந்தோர் ‘ஃபையான்ஸ்’ எனும் வெண்பூச்சு மட்கலங்களில் உண்ணலாயினர். அப்பூச்சுக் கலையை 9-ஆம் நூற்றாண்டில் வளர்த்தெடுத்தவர்கள் அப்பாஸிய இராக்கின் குயவர்கள். அந்தலூஸ், இத்தாலி வழியே அது பிரான்சை அடைந்தது. பொன், வெள்ளிக் கலங்களில் உண்ணுவதையும் பருகுவதையும் அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள் என்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி. அந்தச் சமுதாயத்தின் மட்பாண்டக் கலை பிரெஞ்சுப் பிரபுவின் மேசையில் வெள்ளியின் இடத்தைப் பிடித்தது வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

ஐரோப்பியருக்கு வெள்ளித் தட்டு என்பது தட்டின் உருவில் இருந்த பணம். பழவெள்ளியை முதலீடாக வாங்க எண்ணுவோர் முதலில் உணர வேண்டியது இதுவே. இங்கிலாந்தில் 1697-இல், மக்கள் நாணயத்தை உருக்கிக் கலம் செய்வதைத் தடுக்க, கலங்களின் தரம் ஆயிரத்துக்கு 925-இலிருந்து ஏறத்தாழ 958-ஆக உயர்த்தப்பட்டது. பழைய தரம் 1720-இல் திரும்பியது. தரத்துக்குச் சிங்கம், ஆண்டுக்கு ஓர் எழுத்து, செய்தவருக்கு ஒரு குறி என ஆங்கிலேயக் கலத்தின் அடியில் அதன் வரலாறே பொறிக்கப்பட்டிருக்கும்.

முத்திரையிலும் மோசடி உண்டு. வரிக்குத் தப்ப, சிறு பொருளின் முத்திரையை வெட்டிப் பெரிய கலத்தில் பற்றவைத்தவர்கள் இருந்தனர். முத்திரையின்மேல் வாயால் ஆவி படிய ஊதினால் பற்றவைத்த கோடு பெரும்பாலும் வெளிப்படும். ‘ஈ.பி.என்.எஸ்.’ என்று பொறித்தவை 1840-க்குப் பின் பரவிய மின்முலாம் பூசியவை; அவற்றில் எடைக்கு மதிப்பில்லை.

1980 ஜனவரியில் வெள்ளி அவுன்சுக்கு 50 டாலரை நெருங்கியபோது, நூற்றாண்டுகள் கடந்த கலங்கள் பல உலைக்குச் சென்றன. மார்ச்சில் விலை சரிந்தது, உருகியவை மீளவில்லை. புகழ்பெற்ற கைவினைஞரின் படைப்புகளே எடையை மீறிய விலை பெறுகின்றன. சாதாரணக் கலத்தை எடைவிலைக்கு மிகுதியாகக் கொடுத்து வாங்குவது சூதாட்டத்துக்கு அண்மையது என்பது என் கருத்து.

நம்மவர்க்கு இன்னொரு கணக்கும் உண்டு. உண்ணாமல் அலமாரியில் வைத்திருப்பதைக்கூட ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்து விலக்குகிறது. ஹனஃபி அறிஞர்கள் அதற்கு இடமளிப்பர். ஜகாத்தோ எவரையும் விடாது. கலமாயினும் அது வெள்ளியே. 200 திர்ஹம், அதாவது ஏறத்தாழ 600 கிராம் எடையை எட்டி ஓராண்டு கடந்தால் நாற்பதில் ஒரு பங்கு ஏழைகளுக்குரியது.