ஊர் எழுந்த கதை – 9: காலை ஏழு மணி

சென்ற வாரம் சூரத் ரயில் நிலையத்தில் உங்களை நிறுத்திவிட்டுப் போனேன். 1994 செப்டம்பரின் பிற்பாதி. முகத்தில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் குழந்தையும் தலையில் மூட்டையுமாக ஒரு நகரமே நடைமேடையில் முண்டியடித்துக்கொண்டிருந்தது. ஒடிசாவிலிருந்து வந்து விசைத்தறி ஓட்டியவர்கள், சவுராஷ்டிராவிலிருந்து வந்து வைரத்துக்குப் பட்டை தீட்டியவர்கள், மராட்டியத்திலிருந்தும் உத்தரப்பிரதேசத்திலிருந்தும் வந்து கிடைத்த வேலையைச் செய்தவர்கள். எல்லோருக்கும் அன்று ஒரே வேலைதான். ஓடுவது.

காரணம் ஒரே ஒரு சொல். பிளேக்.

தாத்தா பாட்டி கதைகளில் மட்டுமே உயிரோடு இருந்த சொல் அது. அதிலும் இது நெறிகட்டி மெதுவாகக் கொல்லும் வகை அல்ல. நுரையீரலைத் தாக்கி, இருமினால் அடுத்தவருக்குத் தொற்றும் வகை என்று செய்தி பரவியது. மருந்துக் கடைகளில் டெட்ராசைக்ளின் மாத்திரை ஒன்றுகூட மிச்சமில்லை. தனியார் மருத்துவர்கள் பலர் கிளினிக்கைப் பூட்டிக்கொண்டு நோயாளிகளுக்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தார்கள்.

ஏறத்தாழ 15 லட்சம் பேர் வாழ்ந்த நகரம் அது. சில நாட்களில் அதில் கால்வாசிப் பேர் வெளியேறிவிட்டார்கள் என்பது ஒரு கணக்கு. அதைவிட அதிகம் என்பாரும் உண்டு. ஓடிய கூட்டத்தை நின்று எண்ணியவர் யார்?

மாண்டவர்கள் ஐம்பத்துச் சொச்சம் பேர். எண்ணிக்கையாகப் பார்த்தால் அந்தக் காலத்து மலேரியாவும் காசநோயும் இதைவிடப் பல மடங்கு உயிரைக் குடித்தன. ஆனால் பீதி கணக்குப் பார்ப்பதில்லை. வளைகுடா நாடுகள் இந்திய விமானங்களுக்குக் கதவடைத்தன. ஏற்றுமதிச் சரக்கு துறைமுகங்களில் முடங்கியது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. இது உண்மையிலேயே பிளேக்தானா, வேறு ஏதேனும் தொற்றா என்று மருத்துவ அறிஞர்கள் அப்போது மாதக் கணக்கில் சண்டை போட்டார்கள். பிளேக் கிருமிதான் என்று மரபணுச் சோதனை சொன்னது பல ஆண்டுகள் கழித்துத்தான். தன்னைக் கொல்வது எது என்றுகூடத் தெரியாமல் ஒரு நகரம் ஓடியது.

சரி, பிளேக் ஏன் சூரத்துக்கு வந்தது? ஏழை ஊர் என்பதாலா?

இல்லை. இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

*

சூரத் என்றைக்குமே ஏழை ஊராக இருந்ததில்லை. முகலாயர் காலத்தில் மேற்குக் கடற்கரையின் முதன்மைத் துறைமுகம் அதுதான். ஆங்கிலேயக் கம்பெனி இந்தியாவில் முதலில் வேரூன்றிய இடங்களில் ஒன்று. சிவாஜி 1664இல் ஒரு முறை, 1670இல் மறுமுறை இந்த ஊரைக் கொள்ளையிட்டார் என்றால், இரண்டாம் முறையும் வந்து அள்ளும் அளவுக்கு அங்கே செல்வம் இருந்தது என்று பொருள். பிறகு பம்பாய் வளர்ந்தது, சூரத் தேய்ந்தது. ஆனால் இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் செயற்கை இழையும் வைரமும் சரிகையும் சேர்ந்து ஊரை மறுபடி தூக்கி நிறுத்தின. இன்றைக்கு நம்மூர் ஜவுளிக் கடையில் மலிவு விலைப் பிரிவில் தொங்கும் புடவைகளைப் புரட்டிப் பாருங்கள், எத்தனை சூரத்திலிருந்து வந்தவை என்று கேளுங்கள்.

மாநகராட்சியும் வறுமையில் இல்லை. குஜராத் நகரங்களுக்கு அன்று ஆக்ட்ராய் என்ற நுழைவு வரி இருந்தது. நகர எல்லைக்குள் நுழையும் சரக்குக்குக் கட்ட வேண்டிய வரி. லாரி லாரியாக நூலும் துணியும் வரும் ஊரில் அது காமதேனு மாதிரி.

ஆக, பணம் இருந்தது. தொழில் இருந்தது. வேலை தேடி வந்து இறங்கும் கைகளுக்குக் குறைவே இல்லை. இல்லாதது, வந்தவர்கள் தங்க இடம். மக்களில் ஏறத்தாழ நாற்பது சதவீதம் பேர் குடிசைப் பகுதிகளில் இருந்தார்கள். தாப்தி ஆறு கடலைச் சேரும் இடத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தட்டையான ஊர் சூரத். மழைநீர் தானாக வடியாது, வடிய வைத்தால்தான் வடியும். அந்த வடிகால்களில் பாதி மண்ணடித்துக் கிடந்தன, மீதியின்மேல் கட்டடங்கள் நின்றன. நாள்தோறும் சேரும் குப்பையில் பாதியை அள்ளினாலே பெரிய காரியம் என்ற நிலை.

அந்த ஆண்டு மழை கொட்டியது. மேலே உகாய் அணை நிரம்பித் தண்ணீர் திறந்துவிடப்பட்டது. ஆற்றோரக் குடிசைகள் மூழ்கின. வெள்ளம் வடிந்தபோது சேறும் செத்த கால்நடைகளும் தெருவில் கிடந்தன. அள்ளுவாரில்லை. நோய் முதலில் தலைகாட்டிய வேட் ரோடு பகுதி ஆற்றங்கரையை ஒட்டியது என்பதை வரைபடத்தில் பார்க்கும்போது, கிருமியைத் திட்டுவதா, நகராட்சியைத் திட்டுவதா என்று தோன்றும்.

பீதி அடங்கியது. ஓடியவர்கள் ஒவ்வொருவராகத் திரும்பினார்கள். தறிகள் மறுபடி ஓடின. பிளேக் வந்தபோது போர்க்கால வேகத்தில் நடந்த துப்புரவு, மெல்ல மெல்லப் பழைய நடைக்கு வந்தது. குப்பை மேடுகள் மறுபடி உயர்ந்தன. அடுத்த மழைக்கு இன்னும் சில வாரங்களே இருந்தன.

அப்போதுதான், 1995 மே மாதம், எஸ்.ஆர்.ராவ் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி சூரத் மாநகராட்சி ஆணையராக வந்து இறங்கினார்.

*

புதிய கமிஷனர் வந்தால் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். மாலை, சால்வை, ஆய்வுக் கூட்டம், பத்திரிகைப் பேட்டி. பிறகு கோப்புகள்.

அந்தக் கோப்புதான் முதல் எதிரி. எந்த மாநகராட்சியையும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு தெருவில் சாக்கடை மூடி உடைந்தால், பார்த்தவர் எழுத வேண்டும், எழுதியதை இளநிலைப் பொறியாளர் மேலே அனுப்ப வேண்டும், அது படிப்படியாக ஏறித் தலைமை அலுவலகத்தில் கையெழுத்து வாங்கி, அதே படிகளில் இறங்க வேண்டும். அதற்குள் யாராவது அந்தக் குழியில் விழுந்திருப்பார்கள்.

ராவ் புதுச் சட்டம் எதுவும் கேட்கவில்லை. உலக வங்கியின் கதவையும் தட்டவில்லை. 1949ஆம் ஆண்டின் பம்பாய் மாகாண மாநகராட்சிச் சட்டம்தான் அன்று சூரத்துக்கும் சட்டம். அதில் ஆணையருக்கு ஏராளமான அதிகாரம் உண்டு. அந்த அதிகாரத்தைக் கீழே பிரித்துக் கொடுக்கவும் அதிலேயே வழி உண்டு. முதல் பாதியை எல்லா ஆணையர்களும் மனப்பாடமாக வைத்திருப்பார்கள். இரண்டாம் பாதியைப் படித்தவர் ராவ்.

நகரத்தை ஆறு மண்டலங்களாகப் பிரித்தார். ஒவ்வொரு மண்டலத்துக்கும் ஓர் அதிகாரி. தன் மண்டலத்துக்குள் அவர்தான் கமிஷனர். மூடி மாற்றுவது முதல் ஆக்கிரமிப்பை இடிப்பது வரை அவர் கையெழுத்தே போதும். துப்புரவு ஒரு பக்கம், பொறியியல் ஒரு பக்கம், சுகாதாரம் இன்னொரு பக்கம் என்று தனித்தனிக் குதிரைகளாக ஓடிய துறைகள், மண்டல அளவில் ஒரே வண்டியில் பூட்டப்பட்டன.

கொடுத்த அதிகாரத்தோடு ஒரு நிபந்தனையும் வந்தது. காலை ஏழு மணிக்கு அதிகாரிகள் எல்லோரும் தெருவில் இருக்க வேண்டும். மதியம் வரை களத்தில்தான். பிற்பகலில் கமிஷனரோடு கூட்டம். காலையில் என்ன பார்த்தீர்கள், நேற்றுச் சொன்னது என்ன ஆனது? நாள் தவறாமல் இதே கேள்விகள். தெருவைப் பார்க்காதவர் அந்தக் கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. ‘ஏ.சி.யிலிருந்து டி.சி.க்கு’ என்று இதற்குப் பெயரே விழுந்தது. ஏ.சி. அறையிலிருந்து அன்றாட வேலைக்கு என்று அர்த்தம். ‘டெய்லி சோர்ஸ்’ என்பதன் சுருக்கம்தான் அந்த டி.சி.

பிறகு நடந்தவற்றை வேகமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் அவை வேகமாகவே நடந்தன. பிரதான சாலைகள் இரவில் இன்னொரு முறை கூட்டப்பட்டன. சாலையோரம் கெட்டிதட்டிப் போன மண்ணைச் சுரண்டி எடுத்தார்கள். குப்பை அள்ளும் லாரிகளில் ஒரு பகுதி தனியார் ஒப்பந்தத்துக்குப் போனது. தெருவில் குப்பை கொட்டினால் அபராதம், மறுமுறை கொட்டினால் இரட்டிப்பு. உணவகங்களின் சமையலறைக்குள் அதிகாரிகள் நுழைந்தார்கள். குடிசைப் பகுதிகளில் தளம் போட்ட சந்துகளும் குழாய்களும் விளக்குகளும் கட்டணக் கழிப்பிடங்களும் வந்தன. எந்தப் பகுதியில் எத்தனை பேருக்குக் காய்ச்சல் என்று நாள்தோறும் மருத்துவமனைகளிலிருந்து விவரம் திரட்டினார்கள். இந்தக் கடைசி வேலைதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிகிறது. சுத்தமான தெருவைப் படம் பிடிக்கலாம். வராமல்போன மலேரியாவைப் படம் பிடிக்க முடியாது.

ஆனால் நகரம் நிமிர்ந்து பார்த்தது புல்டோசர் வந்தபோதுதான்.

இடிப்பு என்றால் எந்த ஊரிலும் தள்ளுவண்டிக்காரர் தட்டியில்தான் ஆரம்பமாகும். சூரத்தில் செல்வாக்குள்ளவர்களின் கட்டடங்களும் தப்பவில்லை. சாலையை விழுங்கி நின்ற சுவர்களும் முகப்புகளும் சரிந்தன, சாலைகள் அகன்றன. ‘பெரிய கை’களின் கட்டடத்தையே தொடுகிறாரே என்று ஊர் வாயைப் பிளந்தது. அந்த வியப்பு மெல்ல நம்பிக்கையாக மாறியது.

ஒன்றை இங்கே மறைக்கக் கூடாது. அகலமான சாலைக்கு விலை கொடுத்தவர்களில் ஏழைகளும் உண்டு. நடைபாதையில் பிழைத்தவர்களும் ஓரத்தில் குடிசை போட்டவர்களும் இடம்பெயர்ந்தார்கள். பிளேக்கையும் சூரத்தையும் பற்றி விரிவாக எழுதிய ஆய்வாளர் கன்ஷ்யாம் ஷா போன்றவர்கள், ஏழைக்கும் நகரத்துக்கும் உள்ள உறவு மாறாமல் சுத்தம் மட்டும் எப்படி நிலைக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. தறி ஓட்டிய தொழிலாளிக்கு வீடு தருவது அந்தப் புல்டோசரின் வேலைப் பட்டியலில் இல்லை.

*

இரண்டே ஆண்டுகள். குப்பையில் பாதியை அள்ளத் திணறிய ஊர், பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அள்ளியது. ‘இன்டாக்’ என்ற பண்பாட்டு மரபு அமைப்பு, நாட்டின் சுத்தமான நகரங்களில் சண்டிகருக்கு அடுத்த இடத்தைச் சூரத்துக்குத் தந்தது. கோடுபோட்டுத் திட்டமிட்டுக் கட்டிய சண்டிகர் எங்கே, வெள்ளச் சேற்றில் கிடந்த சூரத் எங்கே!

இதே காலத்தில் மாநிலத் தலைநகர் காந்திநகரில் நடந்ததையும் பாருங்கள். ராவ் வந்தபோது முதல்வர் கேசுபாய் படேல். ஐந்தே மாதத்தில் கட்சிக்குள் கலகம், சுரேஷ் மேத்தா வந்தார். 1996இல் அவரும் போய், குடியரசுத் தலைவர் ஆட்சி. பிறகு சங்கர்சிங் வகேலா. 1997 அக்டோபரில் திலீப் பரிக். நாற்காலி இப்படி ஆடிய மாநிலத்தில், செல்வாக்குள்ளவர்களின் சுவரை இடித்த ஒரு கமிஷனர் தன் நாற்காலியில் இரண்டரை ஆண்டுகள் உட்கார்ந்திருந்தார். சொல்லப்போனால் அவர் உட்காரவே இல்லை, தெருவில் நின்றார்.

அந்த இரண்டரை ஆண்டும் முடிந்தது. 1997 டிசம்பரில் ராவ் சூரத்தை விட்டுப் போனார்.

எழுந்த நகரங்களின் வரலாற்றில் ஆபத்தான நாள் இதுதான். சூரத்தில் எல்லோரும் சொன்னது ‘ராவ் சாகிப் செய்தார்’ என்றுதான். அப்படியானால் ராவ் சாகிப் இல்லாத சூரத் யாருடையது? நுழைவு வரியைக் கட்டிய வியாபாரி, இடிபட்ட சுவருக்குச் சொந்தக்காரர், கோப்பையும் கையெழுத்தையும் இழந்த தலைமை அலுவலகம் என்று பழைய கணக்குகளைத் தீர்க்கக் காத்திருந்தவர்களுக்குப் பஞ்சமில்லை. ஆறு மண்டலங்களுக்குக் கொடுத்த அதிகாரத்தை ஒரே ஒரு உத்தரவில் திரும்ப வாங்கிவிடலாம். அதே 1949ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கும் இடம் தருகிறது.

அவர் இல்லாமல் விடிந்த முதல் நாள். துடைப்பத்தோடு துப்புரவுப் பணியாளர்கள் தெருவில் நின்றார்கள். மணி ஏழு.

அதிகாரிகள் வந்தார்களா?

(அடுத்த வாரம்)