கீழ் முந்திரியும் பத்தின் அடுக்கும்

கடாரம் கொண்ட சோழன் என்று மேடையில் முழங்குவது நம்மவர்க்கு எளிது. 1025ஆம் ஆண்டில் இராசேந்திரன் படை கடல் கடந்து வென்ற கடாரம், நாம் வாழும் இக்கெடாவே என்பர் அறிஞர். அவ்வரசின் வாளைப் போற்றும் நாம், அதன் கணக்கர்தம் எண்ணறிவை ஒருநாளும் நினைப்பதில்லை.

இராசேந்திரன் தந்தை இராசராசன் 1010இல் முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் ஊர்களின் நில அளவு பொறிக்கப்பட்டுள்ளது. ஒரு வேலியின் 52,428,800,000இல் ஒரு பங்குவரை அக்கணக்கு இறங்குகிறது. வேலியை 6.6 ஏக்கர் எனக் கொண்டால், அப்பங்கு ஏறக்குறைய அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு மறைக்கும் இடத்தினும் சிறிது. எக்கோலும் அதனை அளவாது. எண்ணால் மட்டுமே எய்திய அளவு அது.

அதனை எவ்வாறு எழுதினர்? முந்திரி என்பது 320இல் ஒன்று. அதனையே மீண்டும் 320 கூறிட்டால் கீழ் முந்திரி, 102,400இல் ஒன்று. அதற்குக் கீழும் கீழ் உண்டு. ‘கீழ்’ என்ற சொல் ‘மீண்டும் 320ஆல் வகு’ என்னும் கட்டளையாக நின்றது. நீண்ட எண்ணை வரையாது, இறங்கிய படிகளைக் குறித்தனர்.

இன்றைய அறிவியலார் செய்வதும் இதுவே. அவர்தம் படி 10. மேற்கூறிய பங்கினை 1.9 × 10⁻¹¹ வேலி என்பர். 1.9ஐப் பத்தால் பதினொரு முறை வகுக்க என்பது பொருள். கழித்தற்குறி இல்லையேல் பெருக்க வேண்டும். 52,428,800,000 என்பது ஏறத்தாழ 5.24 × 10¹⁰. சுழிகளை எண்ணித் தடுமாற வேண்டுவதில்லை. ஆனால், தலைமேல் நிற்கும் சிற்றெண்ணில் ஒன்று பிழைத்தால், அளவு பத்து மடங்கு பிழைக்கும்!

தோழர்களே! சோழர்தம் நுண்கணக்கு எதற்குப் பயன்பட்டது? வரிக்கு. எண் அளந்தவர் கையில். ஏர் உழுதவர் கையில். நம் தோட்டங்களிலும் பால் கொணர்ந்தவர் ஒருவர்; அதனை நிறுத்துப் பேரேட்டில் பதிந்த கிராணி வேறொருவர். ஏட்டைப் படிக்க அறியாதவர், சொன்ன தொகையைப் பெற்றுத் திரும்பினர்.

இன்று தோட்டப் பிள்ளைகள் கூலிம் நகர்க்கு வேலை தேடிச் செல்கின்றனர். 1996இல் அங்குத் திறந்த தொழில்நுட்பப் பூங்காவில் மின்னணுச் சில்லுகள் ஆகின்றன. சில்லுகளின் நுண்மையை நானோமீட்டரில், அதாவது 10⁻⁹ மீட்டரில் அளப்பர். அச்சிற்றெண்ணைப் படிக்கக் கற்றவர் பொறியை ஆள்வர். கல்லாதவர் பொறிக்கு ஆளாவர்.

கடாரம் கொண்ட கதையைப் பிள்ளைகட்குச் சொல்லுவோம். அன்றிரவே அவர்தம் பலகையில் கீழ் முந்திரியையும் பத்தின் அடுக்கையும் எழுதிக் காட்டுவோம்.